பட்டன் பேக்

"அண்ணி, அளவு வரலை!"

மேல் அறையிலிருந்து கொழுந்தனின் குரல் இரும்புப் படிகளில் உருண்டு இறங்கியது.

"அனுப்பிட்டேன்ப்பா, முப்பத்..." என்று பதிலுக்குக் கத்தப் போன லேபிள் அக்கா, எதிரே கைகளை விரித்து அளவு கொடுத்துக்கொண்டு நின்ற நர்ஸம்மாவின் முறைப்பைப் பார்த்ததும் மீதியை விழுங்கினாள்.

அந்தத் தையல் கடையில் அளவைக் கத்தக் கூடாது. சட்டம்!

போன வருஷம் வரைக்கும் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். கீழே அக்கா டேப் பிடிப்பாள். மேலே வெட்டு மேசையில் கொழுந்தன் சாக்கட்டியோடு காத்திருப்பான். நடுவில் மூன்று மெஷின்கள் கடகடக்கும். அந்தச் சத்தத்தைத் தாண்டி அவள் எண்களை வீசுவாள், அவன் பிடித்துக்கொள்வான். ஒரு நாள் பள்ளிக்கூட ஹெட்மிஸ்ட்ரஸ் ஒருத்தி கொதித்துப்போய், "என் இடுப்பளவைத் தெருவுக்கே ஏலம் போடறியா? பக்கத்து சலூன்ல ரெண்டு பேர் திரும்பிப் பாக்கறான்!" என்று துணியைச் சுருட்டிக்கொண்டு போயே போய்விட்டாள்.

அன்றிலிருந்து எல்லாம் எஸ்எம்எஸ்தான். மேலேயிருந்து அவன் 'அளவு?' என்று ஒரு வார்த்தை தட்டுவான். அவள் எண்ணைத் தட்டுவாள். மார்பு, இடுப்பு, கை, கழுத்து. வரிசை எப்போதும் மாறாது என்பதால் எது எது என்று எழுதுகிற வேலை இல்லை. வெறும் எண் போதும்.

அந்த வெறும் எண்தான் வில்லங்கமாக வந்து முடிந்தது.

"நல்லாப் பாருங்க அண்ணி, யாருக்கு அனுப்பினீங்க?"

பார்த்தாள். கொழுந்தனின் 'அளவு?'க்கு மேலே, அதே நொடியில் இன்னொரு செய்தி வந்து குந்தியிருந்தது. ஐந்தே இலக்கம் கொண்ட ஏதோ ஒரு நம்பர். 'உங்கள் அதிர்ஷ்ட எண் என்ன? உடனே அனுப்புங்கள்!' அதற்குக் கீழே அவள் கைப்பட அனுப்பிய பதில்: 38.

அதற்கும் கீழே: 'வாழ்த்துகள்! நீங்கள் தினம் ஒரு காதல் கவிதை பேக்கில் இணைந்துவிட்டீர்கள்!'

"ஐயையோ" என்றாள் அக்கா.

"என் மார்பளவுக்குக் காதல் கவிதையா?" என்றாள் நர்ஸம்மா, கோபப்படுவதா பெருமைப்படுவதா என்று தெரியாமல்.

மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த நாத்தனார் எழுந்து வந்து போனைப் பிடுங்கினாள். பட்டன் ஓட்டைக்குச் சுற்றித் தைப்பதற்குக் காஜா என்று பெயர். நாள் முழுக்க அவளுக்கு அதுவும் பட்டனும்தான் வேலை என்பதால் தெருவே அவளைக் காஜா என்றுதான் கூப்பிடும். மேல் அறைக் கொழுந்தனுக்கு உடன்பிறந்தவள். வாய் மட்டும் இரண்டு பேருக்கும் சேர்த்து இவளிடமே இருந்தது.

"இது ஒண்ணு இல்லை அண்ணி. ஒரு மாசமா அள்ளி வீசியிருக்கீங்க. இதோ, முப்பத்திரண்டு, சினிமா கிசுகிசு பேக். பதினாலு, சமையல் பேக். நாப்பது, பத்தே நாளில் உடல் இளைக்கும் பேக். ஆறு, குழந்தைக்குப் பெயர் வைக்கிற பேக்! எங்க அண்ணன் லாரியில போய் மூணு வாரம் ஆச்சு, அவருக்குத் தெரியுமா இந்தச் சேதி?"

"சும்மா இருடி!"

ஐந்து பேக். ஒவ்வொன்றிலிருந்தும் நாளுக்கு எட்டுச் செய்தி. படித்தாலும் காசு, படிக்காவிட்டாலும் காசு. வந்து விழுந்தாலே காசு. காலையில் ரீசார்ஜ் செய்தால் பத்தரைக்குள் துடைத்து வைத்துவிடும். இந்தப் போன் ஏன் இப்படிக் குடிக்கிறது என்று ஒரு மாதமாகக் குழம்பிக்கொண்டிருந்தவளுக்கு இப்போதுதான் விஷயம் விளங்கியது.

விளங்கிய கையோடு இன்னொரு செய்தி வந்து விழுந்தது. இது போன் கம்பெனியிலிருந்து. 'உங்கள் கணக்கு மைனஸில் உள்ளது. வெள்ளி காலை பத்து மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும். பின்னர் இந்த எண் வேறொருவருக்கு வழங்கப்படும்.'

காஜாகூடக் கேலியை விட்டுவிட்டுப் போனை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தாள்.

ஏனென்றால் அந்தக் கடைக்குப் போர்டு கிடையாது. சந்துக்குள் சந்து. பதினோரு வருஷத்துக்கு முன்னால், போர்டு எழுதுகிற காசுக்கு ஒரு பெரிய உருண்டை சாட்டின் நாடாவில் அக்கா லேபிள் அடித்து வாங்கிவிட்டாள். தைத்துக் கொடுக்கிற ஒவ்வொரு துணியின் கழுத்துக்குள்ளும் அது இருக்கும். கடைப் பெயர் இல்லை, விலாசம் இல்லை. மூன்று வார்த்தையும் ஒரு நம்பரும்தான். 'உடம்பு மாறினால் கூப்பிடுங்கள்.' இளைத்தவர்களும் பெருத்தவர்களும் பிள்ளை பெற்றவர்களும் அந்த நம்பரைத்தான் அழைத்தார்கள். ஊரில் பாதிப் பேரின் பிடரியில் அவள் நம்பர் தைத்துக் கிடந்தது. லேபிள் அக்கா என்ற பெயர் வந்ததே அப்படித்தான்.

நம்பர் போனால் கடை போச்சு. நாளை எவனோ ஒருத்தன் போனை எடுத்து, "கோட்டா? என்ன கோட்டு? ராங் நம்பர்!" என்பான்.

"வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள் இருக்கு" என்றாள் அக்கா, டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு. "பாத்துடறேன் ஒரு கை."

*

செவ்வாய்க்கிழமை, போன் கம்பெனியின் சேவை மையம்.

கண்ணாடிக் கதவு, ஐஸ் மாதிரி ஏசி, டோக்கன் மெஷின். கவுன்ட்டர் பெண் மூன்று நிமிடம் கேட்டுவிட்டு, "மேனேஜர் சாரைப் பாருங்க மேடம்" என்று கை காட்டினாள். மேனேஜர் சார் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். சீவிச் செதுக்கிய மீசை. அதற்குக் கீழே சட்டைப் பட்டன்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு வயிறு. தொழில் பழக்கம், அக்காவின் கண் அந்த வயிற்றை ஒரு நொடி அளந்து பார்த்தது.

"நீங்கதான் மேடம் எண் அனுப்பியிருக்கீங்க. முப்பத்தெட்டு. இதோ சிஸ்டத்துல இருக்கே."

"சார், அது ஒரு நர்ஸம்மாவோட மார்பளவு!"

டோக்கனோடு உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எதுவா வேணா இருக்கட்டும்" என்றார் மேனேஜர், குரலைத் தாழ்த்தி. "பதில் வந்தா அது சம்மதம். சிஸ்டம் அப்படித்தான் எடுத்துக்கும்."

"சரி, சம்மதம் இல்லைன்னு இப்போ சொல்றேன். நிறுத்துங்க."

"நிறுத்தறது எங்க கையில இல்லை. அந்தச் சேவை வேற கம்பெனி. நாங்க வெறும் பாலம்தான்."

"பாலத்துல போற வண்டிக்குச் சுங்கம் மட்டும் நீங்க வாங்கிக்கறீங்களே?"

மேனேஜர் மீசையைத் தடவிக்கொண்டார். "ஸ்டாப்னு அந்த நம்பருக்கு அனுப்புங்க."

"அனுப்பினேன். 'இருப்பு போதாது'ன்னு பதில் வந்துது. அந்தப் பதிலுக்கும் காசு பிடிச்சாச்சு."

"பெரிய எழுத்துல அனுப்பினீங்களா? நடுவுல இடைவெளி இல்லாம?"

"நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டும் அனுப்பிப் பாத்துட்டேன் சார்."

"அப்போ ஒரே வழிதான் மேடம். நம்பரை மாத்திக்கோங்க. புது சிம் இலவசம்." சொல்லிவிட்டு, பெரிய தானம் செய்துவிட்டவர் மாதிரி சிரித்தார். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு பளபள போஸ்டர்: 'வாடிக்கையாளர் மகிழ்ச்சியில் நாங்களே முதலிடம்!'

*

புதன்கிழமை மதியம், நுகர்வோர் குறைதீர் அலுவலகம்.

இரண்டாவது மாடி. நீளமான பெஞ்சு, ஆடுகிற ஃபேன், மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி. நல்ல மனுஷர். நாற்காலி போட்டு உட்காரவைத்து, முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். நடுநடுவே 'த்சொ' கொட்டினார்.

"நியாயமான புகார்ம்மா. நூத்துக்கு நூறு. ஆனா பாருங்க, வாங்கின பொருள் பழுதா இருந்தா நான் நோட்டீஸ் விடலாம். எடை குறைஞ்சா கடையைப் பூட்டலாம். இந்த மெசேஜ் இருக்கே, இது பொருளா சேவையான்னே இன்னும் முடிவாகலை. அதுக்குச் சட்டம் எழுதிக்கிட்டிருக்காங்க."

"எத்தனை நாளா சார்?"

"ஆறு வருஷமா."

ஒரு படிவத்தை நீட்டினார். நான்கு பக்கம். பூர்த்தி செய்தால் போன் கம்பெனிக்கே அனுப்பிவைப்பாராம். அவர்கள் முப்பது வேலை நாளில் பதில் சொல்வார்களாம். சொல்லாவிட்டால் ஒரு நினைவூட்டல் போடுவாராம்.

"முடிவு எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க போனுக்கு எஸ்எம்எஸ் வரும்மா."

அக்கா அவரையே பார்த்தாள். அவருக்கும் தான் சொன்னது தாமதமாக உறைத்திருக்க வேண்டும், தலையைச் சொறிந்துகொண்டார். அந்த நேரம் பார்த்து மேசை மேலிருந்த அவருடைய போன் 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்தார். முகம் சிவந்தது.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்லைம்மா. 'உங்கள் ராணி உங்களுக்காகக் காத்திருக்கிறாள், ஒன்றை அழுத்துங்கள்'னு வருது. நாலு வருஷமா வந்துக்கிட்டிருக்கு." குரலை இறக்கினார். "நிறுத்தறதுக்கு உங்களுக்கு ஏதாவது வழி கிடைச்சா எனக்கும் சொல்லுங்க."

அக்காவுக்கு அழுகை வரவேண்டிய இடம். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. படி இறங்கித் தெருவுக்கு வந்த பிறகும் நிற்கவில்லை.

*

சிரித்துக்கொண்டே கடைக்குள் நுழைந்தபோது போன் அடித்தது. அழைப்பு வருவதற்கு மட்டும் இன்னும் உயிர் இருந்தது.

"ஹலோ, லேபிள்ல நம்பர் பாத்துக் கூப்பிடறேன். எங்க வீட்டுக்காரரோட கோட்டு நீங்க தைச்சது. இப்போ போட்டா பட்டன் எட்ட மாட்டேங்குது..."

"உடம்பு மாறிடுச்சா?"

"மாறலைங்க. ரெட்டிப்பாயிடுச்சு!"

அரை மணி நேரத்தில் அந்த அம்மாள் கோட்டும் கையுமாக வந்து நின்றாள். கருநீலக் கோட்டு. ஏழு வருஷத்துக்கு முந்தைய தையல், ஆனால் துணி அப்படியே இருந்தது. ஓரத்தில் பிரித்துவிடுகிற அளவுக்குத் துணியும் விட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு அவருக்கு மேடையில் விருதாம். மூன்று மணிக்கு அவரே வந்து வாங்கிக்கொள்வாராம். "வயித்தளவு எனக்குத் தெரியாதுங்க. கேட்டா எரிஞ்சு விழுவாரு. நீங்களே போன்ல கேட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு அவள் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

கோட்டு வந்தால் முதல் வேலை பாக்கெட்டைத் துழாவுவது. பேனா மூடி, சாக்லேட் தாள், கல்யாண மோதிரம் என்று என்னென்னவோ கிடைக்கும். காஜா உள்பாக்கெட்டில் கையை விட்டாள். விசிட்டிங் கார்டு ஒன்று வந்தது. படித்தாள். மறுபடி படித்தாள்.

"அண்ணி. விருது எதுக்காம், கேட்டீங்களா?"

"கேக்கலையே."

"வாடிக்கையாளர் மகிழ்ச்சிக்கா இருக்கும்" என்று கார்டை நீட்டினாள்.

போன் கம்பெனி. சேவை மையம். மேலாளர். கீழே அவருடைய சொந்த நம்பர்.

மெஷின்கள் நின்றன. கொழுந்தன் படியில் பாதி இறங்கி எட்டிப் பார்த்தான். பக்கத்து சலூன்காரர் வழக்கம்போல டீ கிளாஸோடு உள்ளே வந்தார். அவருக்கு ஓடிக்கொண்டிருந்தது தினம் பத்து ஜோக் பேக். நிறுத்த முடியாததால், காசையாவது கழிப்போம் என்று அந்த ஜோக்கையெல்லாம் கஸ்டமர்களுக்குப் படித்துக் காட்டுகிறவர்.

"யாரு, இவரா?" என்று கார்டைப் பார்த்தார். "நம்ம நாற்காலிதான். ஞாயித்துக்கிழமை தவற மாட்டார். முடிக்கு அஞ்சு நிமிஷம்னா மீசைக்கு அரை மணி நேரம்!"

"கோட்டைத் திருப்பி அனுப்பிடுங்க அண்ணி" என்றான் கொழுந்தன்.

"கத்தரிக்கோல் வெச்சு ஒரு இழு இழுத்துடலாம்" என்றாள் காஜா.

"துணி என்னடி பாவம் பண்ணுச்சு?" என்றாள் அக்கா. கோட்டை விரித்து மடியில் போட்டு, கழுத்துக்குள் இருந்த லேபிளை விரலால் தடவினாள். அந்த நம்பர்தான் இந்தக் கோட்டை இங்கே கொண்டு வந்து சேர்த்திருந்தது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சாகப்போகிற நம்பர்.

"காஜா, உன் போனைக் குடு. அளவு கேக்கணும்."

நிதானமாகத் தட்டினாள். 'உங்கள் கோட்டுக்கு வயிற்றளவு தேவை. எண்ணை மட்டும் அனுப்பவும்.' அதற்குக் கீழே இருபது வரி வெற்றிடம். அதற்கும் கீழே இன்னொரு வரி. அனுப்பினாள்.

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: 42.

மணி சரியாக நான்கு. லேபிள் அக்கா பட்டன் டப்பாவை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் சங்கிலித் தையல் போடலாமா?" என்றாள்.

*

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சொல்லி வைத்த மாதிரி அவள் போன் செத்தது. மாலை மூன்று மணிக்குச் சொல்லி வைத்த மாதிரி மேனேஜர் வந்தார்.

சந்துக்குள் வண்டி வராததால் நடந்தே வந்திருந்தார். வாசல் தாண்டி உள்ளே ஓர் அடி வைத்தவர் அப்படியே நின்றார்.

"நீங்களா?"

"நானேதான் சார். வாங்க, உக்காருங்க. தம்பி, சாரோட கோட்டு!"

கொழுந்தன் இரும்புப் படிகளில் ஒவ்வொரு படியாக, இரண்டு கையிலும் கோட்டை ஏந்திக்கொண்டு இறங்கி வந்தான்.

மேனேஜரின் மீசை துடித்தது.

அது கோட்டுதான். வயிறு கச்சிதமாகப் பிரித்து விடப்பட்டிருந்தது. மடிப்பு கத்தி மாதிரி நின்றது. ஆனால் காலரிலிருந்து கீழ் ஓரம் வரை, மார்பு, முதுகு, தோள், இரண்டு கை, பாக்கெட் மூடி என்று பார்த்த இடமெல்லாம் பட்டன். வெள்ளைச் சட்டைப் பட்டன், பித்தளைப் பட்டன், பூப்போட்ட பட்டன், கண்ணாடிப் பட்டன், குழந்தைக் கவுனுக்குப் போடுகிற மஞ்சள் வாத்துப் பட்டன்.

"என்ன... என்னது இது?"

"மொத்தம் நாப்பத்தேழு சார். மணிக்கு ஒண்ணு. புதன் நாலு மணியிலேருந்து வெள்ளி மூணு மணி வரைக்கும். ராத்திரியும் சேவை உண்டு. நீங்க எங்க பட்டன் பேக்ல சேந்திருக்கீங்க."

"நான் எப்போ சேந்தேன்?"

"நாப்பத்திரண்டுன்னு பதில் அனுப்பினீங்களே."

"அது என் வயித்தளவு!"

"எதுவா வேணா இருக்கட்டும் சார்" என்றாள் அக்கா. "பதில் வந்தா அது சம்மதம்."

மேனேஜர் தன் போனை எடுத்து, வெறிபிடித்தவர் மாதிரி விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனார். இருபது வரி வெற்றிடம் தாண்டி, அடியில் அது இருந்தது: 'பதில் அனுப்பினால் எங்கள் நிபந்தனைகள் அனைத்தையும் ஏற்றதாகப் பொருள்.' அடுத்து இன்னொரு செய்தி: 'வாழ்த்துகள்! பட்டன் பேக்கில் இணைந்துவிட்டீர்கள். நிறுத்த, லேபிளில் உள்ள எண்ணுக்கு ஸ்டாப் என அனுப்பவும்.'

"இதை நான் ஏதோ விளம்பரம்னு நெனச்சு..."

"நாங்களும் அப்படித்தான் சார் நெனச்சோம்."

வாசலில் சலூன்காரர் வந்து நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் டீக்கடைக்காரர், சைக்கிள் ரிப்பேர்காரர், டியூட்டி முடிந்து வந்த நர்ஸம்மா.

"மேடம், நாலரைக்கு நான் மேடையில இருக்கணும். வேற கோட்டு கிடையாது. தயவுசெஞ்சு வெட்டி எடுத்துடுங்க."

"எடுக்கறது எங்க கையில இல்லை சார். பட்டன் செக்‌ஷன் வேற கம்பெனி." மூன்றடி தள்ளி ஸ்டூலில் இருந்த காஜாவைக் கை காட்டினாள். காஜா கண்ணியமாக ஒரு வணக்கம் வைத்தாள். "நாங்க வெறும் ஊசிதான்."

வாசலில் ஒரு சிரிப்பு வெடித்து அடங்கியது.

"சரி, ஸ்டாப் அனுப்பறேன்!" கோட்டைப் பிடுங்கி, கழுத்துக்குள் பார்த்து நம்பரைத் தட்டினார். பெரிய எழுத்தில். இடைவெளி இல்லாமல். அனுப்பினார்.

'செய்தி சென்றடையவில்லை.'

"போகலையே! ஏன் போகலை?"

"அந்த நம்பரைக் காலையில பத்து மணிக்குத் துண்டிச்சுட்டாங்க சார்."

"யாரு?"

காஜா அவருடைய விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினாள். சுவர்க் கடிகாரம் மூன்று எட்டு என்று காட்டிக்கொண்டிருந்தது.

மேனேஜர் கோட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். மஞ்சள் வாத்து அவரைப் பார்த்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார்.

"ஹலோ, நான்தான் பேசறேன். ஒரு நம்பர் குறிச்சுக்கோ... அதுல ஓடற பேக் எல்லாத்தையும் எடு. ஆமா, அஞ்சும்தான். மைனஸைக் கழிச்சு விடு. இனிமே ஒண்ணும் ஏறாத மாதிரி அடைச்சு வை. பேப்பரா? ஒரு பேப்பரும் வேணாம்! நான் சொல்றேன்ல? வேற கம்பெனியாவது மண்ணாவது, உன் ஸ்க்ரீன்லதான் இருக்கு அந்தப் பட்டன், அமுக்குய்யா!"

அக்காவின் மேசையில் கிடந்த போன் ஒரு தடவை விக்கியது. சிக்னல் கோடு ஒன்று எழுந்தது. இரண்டு. மூன்று. நான்கு. அப்புறம் 'டிங்'.

திரையில் பெரிய எழுத்தில், இடைவெளி இல்லாமல், வந்து நின்றது அவருடைய ஸ்டாப்.

காஜா கடிகாரத்தைப் பார்த்து அறிவித்தாள்: "ஆறே நிமிஷம்."

வாசலில் கைதட்டல். அக்கா போனை எடுத்தாள். பதினோரு வருஷத்து நம்பரை உள்ளங்கையில் வைத்து ஒரு தரம் மூடித் திறந்தாள்.

"மேடம், பட்டன்..." என்றார் மேனேஜர், கெஞ்சலாக. "நாப்பத்தேழையும் வெட்ட ஒரு மணி நேரம் ஆகுமே."

அக்கா கோட்டை வாங்கினாள். காலருக்கு அடியில் தேடி ஒரு நூல் முனையைப் பிடித்தாள். சங்கிலித் தையலுக்கு ஒரு குணம் உண்டு. தப்பான முனையை இழுத்தால் இரும்பு மாதிரி இறுகும். சரியான முனை கையில் சிக்கினால் ஒன்றைத் தொட்டு ஒன்றாகக் கழன்று ஓடிவிடும். நாற்பத்தேழு பட்டனையும் அவர்கள் ஒரே நூலில்தான் கோத்திருந்தார்கள்.

ஒரு இழு.

படபடபடவென்று பட்டன்கள் தரையில் கொட்டின. மெஷின் அடியில் ஓடின. வாசல் தாண்டி உருண்டன. நர்ஸம்மா குதித்து விலகினாள். மஞ்சள் வாத்து மட்டும் மேனேஜரின் ஷூ வரை போய் நின்றது. கோட்டில் ஊசி பட்ட தடம்கூட இல்லை.

"எங்க பேக்கை நிறுத்த ஒரு நூல் போதும் சார்" என்றாள் அக்கா. "உங்களுதுக்கும் ஒரு போன்தான் வேண்டியிருந்துது. அன்னிக்கே பண்ணியிருக்கலாமே?"

கோட்டுக்குள் கையை நுழைத்துக்கொண்டிருந்தவர் ஒரு கணம் யோசித்தார். உண்மையைச் சொல்லிவிட்டார், பாவம்.

"இதுவரைக்கும் யாரும் என் கோட்டைப் பிடிச்சுவெச்சுக் கேட்டதில்லை மேடம்."

பட்டனைப் போட்டுப் பார்த்தார். மூச்சைப் பிடிக்காமலே எட்டியது. கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தவர், தன்னை அறியாமல் சிரித்தேவிட்டார். நாற்பத்திரண்டு. கச்சிதம்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. மருத்துவமனை உடுப்பு ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தபோது லேபிள் நம்பர் அடித்தது.

"அக்கா, நான்தான் சலூன்." கிசுகிசுக் குரல்.

"நடுவுல ஒரு சுவர்தானே இருக்கு? தட்டினா கேக்குமே, போன் எதுக்கு?"

"நம்பர் அடிக்குதான்னு பாத்தேன். அழகா அடிக்குது. அது இருக்கட்டும்க்கா, உங்க மேனேஜர் இப்போ என் நாற்காலியில இருக்கார்."

"சரி, இருக்கட்டும்."

"மீசையில பாதி ஒதுக்கியாச்சு. அந்த நேரம் பாத்து எனக்கு ஜோக் பேக்லேருந்து மெசேஜ் வந்துது. கை அப்படியே நின்னுடுச்சு."

அக்கா ஊசியைக் கீழே வைத்தாள். "எந்தப் பாதி?"

"இடது பாதி. வலது பாதி அப்படியே இருக்கு. 'மீதியை எடுக்கறது என் கையில இல்லை சார், அது வேற கம்பெனி'ன்னேன். மனுஷன் கண்ணாடியைப் பாத்தார். என்னைப் பாத்தார். 'உன் நம்பரைச் சொல்லுய்யா'ன்னு போனை எடுத்துட்டார். எனக்கு முடிஞ்சது. ஆனா அவசரம் இல்லைக்கா, துண்டு போட்டு மூடி வெச்சிருக்கேன். தெருவுல வேற யார் யாருக்கு ஓடுது?"

அக்கா அடுத்த நிமிடம் தெருவில் இருந்தாள். டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். சைக்கிள் ரிப்பேர்காரர் கிரீஸ் கையோடு வந்தார். நர்ஸம்மா வார்டிலிருந்து நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். குறைதீர் அலுவலகத்து அதிகாரிக்கு அக்காவே போன் போட்டாள். அவர் ஸ்கூட்டரில் பறந்து வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே வரிசையில் நின்றார்.

"சார், நீங்க முன்னாடி போங்க" என்றார்கள் தெருக்காரர்கள், மரியாதைக்கு.

"வேணாம்ப்பா. நாலு வருஷம் காத்திருந்தேன், நாலு பேருக்குப் பின்னாடி நிக்க மாட்டேனா?"

சலூனுக்குள்ளிருந்து, வெள்ளைத் துண்டுக்குள் கழுத்து வரை மூடிக் கிடந்த மேனேஜரின் குரல் வந்துகொண்டேயிருந்தது. "அடுத்த நம்பர் சொல்லுங்க... என்ன பேக்? ராணியா? எடு, எடு, அதையும் எடு!" நடுநடுவே சிரிப்பு. அதில் அவருடைய சிரிப்பும் கலந்திருந்த மாதிரிதான் இருந்தது.

அக்காவின் கையில் போன் 'டிங்' என்றது.

மேல் அறை ஜன்னலிலிருந்து கொழுந்தன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அனுப்பியவன் அவன்தான். ஒரே வார்த்தை: 'அளவு?'

அவள் வரிசையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை எண்ணினாள். தட்டினாள்: 23.

அனுப்புவதற்கு முன், யாருக்குப் போகிறது என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள்.